வாக்கு அட்டையில் இன்னொரு கை

— கையை ஏன் எடுத்த?

— மொதல்ல கதவைச் சாத்துங்க அண்ணி.

— சாத்தியாச்சு. கையை ஏன் எடுத்தன்னு கேக்குறேன். நம்ம நாட்டைக் கூப்பிட்டாங்க, ரெண்டு பேரும் எழுந்தோம், வாக்கு அட்டையை ஆளுக்கொரு ஓரமாப் பிடிச்சோம். தூக்குற நேரத்துல நெருப்பைத் தொட்டவன் மாதிரி கையை இழுத்துக்கிட்ட.

— வேர்த்துச்சு.

— வேர்த்துச்சா?

— ஆமா. வேர்த்துச்சு, தொடைச்சேன். அதுக்கும் உங்க கமிட்டில அனுமதி வாங்கணுமா?

— அத்தனை நாட்டு ஆளுங்க பாத்துக்கிட்டிருக்காங்க. நான் ஒத்தைக் கையில அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ பக்கத்துல நின்னு பேன்ட்டுல கையைத் தேய்ச்சுக்கிட்டிருக்க.

— பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்தீங்க. எறங்குற இடம் தாண்டிப் போச்சோன்னு பயந்த மாதிரி.

— சிரிக்காத. வாய்தான் சிரிக்குது, கண்ணு சிரிக்கல. நான் "பிறகு"ன்னு சொல்லி மானத்தைக் காப்பாத்திக்கிட்டேன். அதை ஒரு நாடு ஒரு தடவைதான் சொல்லலாம். மிச்ச நாட்டையெல்லாம் கூப்பிட்டு முடிச்சதும் நம்மகிட்டதான் திரும்பி வருவாங்க. அப்பவும் அட்டையில ரெண்டு கை இல்லேன்னா அது ஓட்டே இல்ல, வெறும் காகிதம்.

— நம்ம உலக மண்புழுச் சங்கத்துச் சட்டத்தை எனக்கு நடத்தாதீங்க. நாட்டுக்கு ரெண்டு ஆள், அட்டைக்கு ரெண்டு கைன்னு எழுதி வெச்சதே எங்க அண்ணன்.

— உங்க அண்ணன். எனக்குப் புருஷன். எதுக்கு எழுதினார்? ஒரு ஆளை வளைக்கிறது சுலபம், ரெண்டு ஆளை வளைக்கிறது கஷ்டம்னு எழுதினார். பாவம் மனுஷன், கூடப் பொறந்தவனை மனசுல வெச்சுக்காம எழுதிட்டார்.

— என்னை யாரும் வளைக்கல.

— அப்படியா? காலையில வெண்கலத் தொண்டை உன் தோள்மேல கையைப் போட்டுக்கிட்டு தோட்டத்துல நடந்தாரே, அது என்ன? ரெண்டு தவணை தலைவரா உக்காந்திருக்கார், இத்தனை வருஷத்துல உன்னை ஒரு தடவை ஏறெடுத்துப் பாத்திருப்பாரா? தேர்தல் அன்னிக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு இந்தப் பாசம்?

— டீ வாங்கிக் குடுத்தார். அதுவும் சர்க்கரை போடாம.

— என்ன தரேன்னார்? அவரோட அருங்காட்சியகத்துல ஒரு நாற்காலியா?

— நாற்காலின்னா உங்களுக்குத்தான் கண்ணு போகும். இன்னிக்குத் தலைவர் பதவிக்கு நிக்கிறது நானா, நீங்களா?

— நான்தான் நிக்கிறேன். மறைச்சா நிக்கிறேன்? ஆசைப்பட்டா நிக்கிறேன்? அந்த ஆளு மூணாவது தடவையும் வந்தா என்ன செய்யப் போறார்னு உனக்குத் தெரியாதா? நாட்டுக்கு ஒரு ஓட்டுங்கறதை எடுத்துட்டு, தலைக்கு ஒரு ஓட்டுன்னு மாத்தப் போறார். பெரிய நாடு மூணு சேந்தா போதும், மத்தவங்க எல்லாம் சுவரைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

— தெரியும்.

— எந்த ஊரு மண்ணுல புதுப் புழு கெடைச்சாலும் மொத ஜாடி அவரோட கட்டடத்துக்குப் போயிடணுமாம். நம்ம கொல்லையில தோண்டி எடுத்த புழுவைப் பாக்க நாமளே அவர்கிட்ட மனு போட்டு, கப்பலோ விமானமோ ஏறிப் போய், வாசல்ல பை சோதனைக்கு நிக்கணும்.

— அதான் தெரியும்னு சொல்றேனே.

— தெரிஞ்சுமா கையை எடுத்த?

— எடுத்தேன். அண்ணி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்த சேர் அடுக்கு சாயுது, உங்க மேல விழுந்துச்சுன்னா அதையும் நான்தான் தள்ளினேன்னு சொல்லுவாங்க.

— சொல்லட்டும். சொல்ற மாதிரிதான நடந்துக்கிட்ட.

— அம்மா... உள்ள வரலாமா?

— யாரு? ஓ, மணிக்கார ஐயாவா. வாங்க. இன்னும் எங்க முறை வரலியே?

— வரலம்மா. என் வேலை மணி அடிச்சு ஆளைக் கூப்பிடுறது, அவ்வளவுதான். இருந்தாலும் ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இந்தச் சுவரு பலகைச் சுவரு. நீங்க பேசுறது கடைசி வரிசை வரைக்கும் கேக்குது.

— கேட்டா என்ன? நம்ம பேச்சு இங்க யாருக்குப் புரியப் போகுது?

— எனக்குப் புரியுது தம்பி. என் பொண்டாட்டி என்னைத் திட்டுறது இதே பாஷையிலதான். இப்ப ரெண்டு நிமிஷமா சொந்த வீட்டுல இருக்குற மாதிரியே இருந்துச்சு.

— மன்னிச்சுக்குங்க ஐயா. மெதுவாப் பேசுறோம்.

— பேசுங்கம்மா. திட்டுறதையும் மெதுவாத் திட்டலாம். என் வீட்டுக்காரி அப்படித்தான் திட்டுவா, அதுதான் ரொம்ப வலிக்கும். நான் வரேன்.

— போயிட்டாரா?

— போயிட்டார்.

— சரி. இப்பச் சொல்லு. உனக்கு என்ன வேணும்? சுத்தி வளைக்காத.

— ராத்திரி உங்க பேச்சை எழுதினீங்கல்ல, தேர்தல் பேச்சு?

— ஆமா.

— நல்லாப் பேசினீங்க. மண்ணைப் பத்திப் பேசினீங்க. மழையைப் பத்திப் பேசினீங்க. தீவுக்காரங்க, மலைக்காரங்க, எல்லாரையும் பேர் சொல்லிப் பேசினீங்க. மைக் செட் போட்டவருக்குக்கூட நன்றி சொன்னீங்க.

— அதனால?

— எங்க அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

— இதுவா?

— இதுதான். இந்தச் சங்கத்துக்குச் சட்டம் எழுதினவன். ஆத்தங்கரையில புழு தோண்டிக்கிட்டிருந்தப்பவே கரை சரிஞ்சு செத்தவன். அவன் பொண்டாட்டி மேடை ஏறி, அவன் எழுதின சட்டத்துல ஓட்டுக் கேக்குறா, அவனைப் பத்தி மூச்சு விடல. நான் ரெண்டாவது வரிசையில உக்காந்து இப்ப வரும், இப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க தண்ணி குடிச்சுட்டு எறங்கி வந்துட்டீங்க.

— சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? எல்லாரும் உச்சுக் கொட்டியிருப்பாங்க. தாலி அறுத்தவ பாவம்னு பத்து பேர் ஓட்டுப் போட்டிருப்பாங்க. எனக்கு அந்த ஓட்டு வேண்டாம். புழுவைப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சவன்னு போடட்டும், இல்லேன்னா போடாம இருக்கட்டும்.

— ஆஹா. என்னா ரோஷம்!

— ஆமா, ரோஷம்தான்.

— அந்த ரோஷத்துலதான் அவன் பேரையும் வெட்டினீங்களோ?

— தெரியும். அங்கதான் வந்து நிப்பேன்னு எனக்குத் தெரியும். டீ, வேர்வை, பேச்சு, எல்லாத்தையும் சுத்திட்டு வந்துட்ட பாரு வீட்டுக்கு.

— வராம? அண்ணன் செத்தன்னிக்கு அவன் பையில ஒரு ஜாடி இருந்துச்சு. அவன் கடைசியா தோண்டின புழு. ஜாடி மட்டும் ஒடையல. அதுல இருந்த புழு எந்தப் புத்தகத்துலயும் இல்லாத புழு. நான் வருஷக்கணக்கா உக்காந்து பாத்து, வரைஞ்சு, எழுதி, அதுக்கு எங்க அண்ணன் பேரை வெச்சேன். சங்கத்துப் பத்திரிகையில வந்துச்சு. உலகம் பூரா ஒத்துக்கிச்சு. நீங்க பேர்க் கமிட்டிக்குத் தலைவி ஆனீங்க. ஆன கையோட, இப்படி ஒரு புழுவே கெடையாது, பேரை அடிச்சுடுங்கன்னு எழுதினீங்க.

— புது இனமே இல்ல தம்பி அது. நம்ம வாய்க்கா வரப்புல நெளியுற அதே சாதாரணப் புழு.

— நான் பேரைப் பத்திப் பேசுறேன்.

— நான் புழுவைப் பத்திப் பேசுறேன். அந்தக் கரை என்ன கரை? செங்கல் சூளைக்கு மண் வெட்டுற கரை. நாள் பூரா மண்வெட்டி விழுற எடம். தலைப்பக்கம் வெட்டுப்பட்ட புழுவுக்குத் திரும்பத் தலை மொளைக்கும். ஆனா போன வளையம் அத்தனையும் மொளைக்காது, கொறைச்சலாத்தான் மொளைக்கும். அப்ப எண்ணிப் பாத்தா, பதினாலாவது வளையத்துல உடம்பைச் சுத்தித் தடிச்சு இருக்க வேண்டிய பட்டை பத்தாவது வளையத்துல வந்து நிக்கும். நீ எண்ணினது தப்பில்ல. எண்ணினது மொளைச்ச தலைன்னு உனக்குத் தோணல.

— எத்தனை அழகாச் சொல்றீங்க. கொழந்தைக்குச் சொல்ற மாதிரி.

— சரி, புழுவைப் பாத்துப் பதில் சொல்லு. மொன வளையம் மட்டும் வெளுத்து ஒல்லியா இருந்துச்சா இல்லையா?

— பேரை வெட்டுறப்ப உங்க கை நடுங்குச்சா இல்லையா? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க.

— புழுவுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கிற.

— நீங்க கைக்குப் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க.

— நடுங்காம என்ன? நான் என்ன கல்லா? அந்தப் பேரை மொத மொதல்ல பத்திரிகையில பாத்தப்ப யாரு அழுதது? உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். மறந்துட்டியா?

— மறக்கல. அதனாலதான் ஆறல. அன்னிக்குப் பிடிச்ச அதே கையாலதான எழுதினீங்க?

— நான் எழுதலேன்னா வெண்கலத் தொண்டையோட ஆளுங்க எழுதியிருப்பாங்க. அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க. ஒரு நக்கல் கட்டுரை தயாரா வெச்சிருந்தாங்க, செத்தவன் பேரும் மொளைச்ச தலையும்னு தலைப்பு போட்டு. அது வந்திருந்தா உலகமே உன்னைப் பாத்துச் சிரிச்சிருக்கும். அவங்க சிரிச்சு எழுதுறதுக்கு முன்னாடி நான் சிரிக்காம எழுதினேன்.

— ஆமா. சிரிக்காம எழுதினீங்க. அதுதான் தாங்கல.

— என்ன சொல்ற?

— சிரிச்சிருந்தா எதிரின்னு விட்டிருப்பேன். நீங்க அக்கறையா, மரியாதையா, வரிக்கு வரி என்னைப் பாராட்டிக்கிட்டே அறுத்தீங்க. "கடினமாக உழைத்த ஆய்வாளர்"ன்னு போட்டிருந்தீங்க. ஆய்வாளராம்! கொழுந்தன்னு போட வேண்டாம், கேக்கல. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து, "தம்பி, இப்படி எழுதப் போறேன்"னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— சட்டப்படி சொல்லக் கூடாது. கமிட்டி முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாதுன்னு இருக்கு.

— சட்டம்!

— ஆமா, சட்டம். உங்க அண்ணன் எழுதினதுதான்.

— அம்மாவுக்கும் அந்தச் சட்டத்தைப் படிச்சுக் காட்டுங்களேன். உங்க மாமியாருக்கு.

— அவங்களை இதுக்குள்ள இழுக்காத.

— நான் இழுக்கல, அவங்க உள்ளதான் இருக்காங்க. பத்திரிகைப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு அண்ணன் படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருந்தாங்க. படிக்கத் தெரியாது. ஆனா எந்த எடத்துல மகன் பேர் இருக்குன்னு வெரல் வெச்சுக் காட்டுவாங்க. மழை விட்டதும் வாசல்ல புழு ஊருமில்ல, மிதிபடாம ஒரு எலையில எடுத்து ஓரமா விடுவாங்க. "பெரியவனே, பாத்துப் போப்பா"ன்னு சொல்லி விடுவாங்க.

— போதும்.

— எல்லாப் புழுவும் அவங்களுக்குப் பெரியவன்தான். எது சாதாரணப் புழு, எது அண்ணன் புழுன்னு அவங்களுக்கு என்ன தெரியும்?

— போதும்னு சொன்னேன்.

— பேரை எடுத்துட்டாங்கம்மான்னு நான்தான் போய்ச் சொன்னேன். யாரு எடுத்ததுன்னு கேட்டாங்க. சொன்னேன். எழுந்து போய்ச் சுவத்துல மாட்டின அந்தப் பக்கத்தைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில வெச்சுட்டாங்க. இப்பவும் மழை விட்டா புழுவை எடுத்து ஓரமாத்தான் விடுறாங்க. ஆனா எந்தப் பேரையும் சொல்றதில்ல.

— நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறாங்க.

— எதுக்கு எடுக்கணும்? மண்ணு ஒரு தடவை புதைச்சுச்சு. நீங்க ஒரு தடவை புதைச்சீங்க. மூணாவதா என்ன செய்யப் போறீங்களோன்னு பயமா இருக்காதா?

— டேய்!

— டேய்னெல்லாம் கூப்பிடாதீங்க. நான் இந்த நாட்டோட ரெண்டாவது பிரதிநிதி.

— பிரதிநிதியா நீ? வாயில வந்ததைக் கொட்டுற தெருச் சண்டைக்காரன். உன் அண்ணனைத் தோண்டி எடுத்தப்ப யாரு பக்கத்துல நின்னது? அவர் நகக்கண்ணுல இருந்த மண்ணை ஈரத்துணியால தொடைச்சது யாரு? நீ ஜாடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்த. நான் அவரைப் பாத்தேன், நீ புழுவைப் பாத்த. இன்னிக்கு வந்து எனக்குப் பாசம் சொல்லிக் குடுக்கிறியா?

— அம்மா, நான்தான். மறுபடி மணி.

— வாங்க ஐயா. கூப்பிட்டாங்களா?

— இன்னும் ரெண்டு நாடுதாம்மா பாக்கி. ஆனா கணக்கு தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. மிச்சம் இருக்குறது அவரோட ஆளு ஒண்ணு, உங்க ஆளு ஒண்ணு. அதுவும் சமமாப் போயிடும். கடைசியில உங்க அட்டைதான்.

— சமமாவே முடிஞ்சுட்டா?

— உங்களுக்குத் தெரியாததா? சமம்னா இருக்குற தலைவரே தொடருவார். அவர் இப்பவே மைக்கைத் தட்டிப் பாத்துக்கிட்டிருக்கார். நன்றி சொல்லத் தொண்டையைச் செருமுறார். அந்தத் தொண்டை செருமினாலே கண்ணாடி சன்னல் அதிருதும்மா.

— எங்க பக்கம் எப்படி இருக்காங்க?

— என்ன சொல்ல? அந்தத் தீவுக்காரப் பொம்பளைங்க ரெண்டு பேர் இருக்காங்கல்ல, உங்களுக்குத்தான் போட்டாங்க. எண்ணி முடிச்சும் அட்டையை எறக்க மாட்டேங்குறாங்க. கை வலிக்கும், எறக்குங்கம்மான்னேன். அவங்க அட்டை எழும்புற வரைக்கும் எறக்க மாட்டோம்னாங்க. அவங்கன்னா நீங்கதான். நான் ஒரு பக்கமும் பேசக் கூடாது. மணி அடிக்கிறவன் பேசினா மணிக்கு மரியாதை இல்ல. ஆனா தம்பி, ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க மாதிரித் தெரியுது. அதான் பயமா இருக்கு. வெளியாளா இருந்தா எப்பவோ சமாதானம் ஆயிருப்பீங்க.

— நீங்க போங்க ஐயா. வரோம்.

— வரோம்னு சொல்றீங்களா, வரேன்னு சொல்றீங்களா? சரி, சரி. போயிட்டேன்.

— கேட்டியா?

— கேட்டேன்.

— அந்தத் தீவுல இருக்குறதே ஒரே ஒரு ஆய்வுக்கூடம், அதுவும் பள்ளிக்கூடத்து பழைய கழிப்பறையை மாத்திக் கட்டினது. அவங்க புழுவையும் அந்த ஆளு தூக்கிட்டுப் போயிடுவார். கையை உசத்திக்கிட்டு நிக்கிறாங்களாம்.

— நிக்கட்டும்.

— உனக்கு மனசு கல்லா?

— உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்.

— சரி. விலையைச் சொல்லு. என்ன செஞ்சா கை வரும்?

— பேர்.

— என்ன பேர்?

— அண்ணன் பேர். நீங்கதான பேர்க் கமிட்டித் தலைவி? உள்ள போனதும் மைக்கை வாங்குங்க. "நான் அவசரப்பட்டு எழுதிட்டேன், அந்தப் புழு தனி இனம்தான், அந்தப் பேர் நிக்கும்"னு சபையில சொல்லுங்க. நடவடிக்கைக் குறிப்புல ஏறட்டும். அடுத்த நொடி என் கை அட்டையில இருக்கும்.

— முடியாது.

— முடியாதா?

— முடியாது. வேற எதையாவது கேளு. அம்மா கால்ல விழணுமா, விழறேன். கமிட்டியை விட்டுப் போகணுமா, போறேன். இந்தப் பதவியே வேண்டாம், நீ நில்லுன்னு சொன்னாலும் சரிங்கறேன். இல்லாத புழுவை இருக்குன்னு சொல்ல மாட்டேன்.

— ஒரு வரிதான அண்ணி.

— ஒரு வரிக்காகத்தான் நாம இருக்கோம். ஒரு புழு இருக்கா, இல்லையா. அதைச் சொல்றதுக்கு மட்டும்தான் உலகத்துல நம்மளை வெச்சிருக்காங்க. வெண்கலத் தொண்டை கட்டடம் வெச்சிருக்கார், கூட்டம் வெச்சிருக்கார். நம்மகிட்ட இருக்குறது அது ஒண்ணுதான்.

— பிரமாதம். இதைத் தேர்தல் பேச்சுல சொல்லியிருக்கலாம்.

— கிண்டல் பண்ணாத.

— கிண்டல் இல்ல. நெசமாத்தான் சொல்றேன். சரி, அப்ப உள்ள போங்க. ஒத்தைக் கையில அட்டையைத் தூக்குங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன், பேன்ட் பையில கையை விட்டுக்கிட்டு.

— உன் அண்ணன் இருந்திருந்தா உன்னை அறைஞ்சிருப்பார்.

— யாரை அறைஞ்சிருப்பான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன்தான் இல்லையே. பேரும் இல்ல.

— அந்தத் தீவுக்காரங்க...

— கை வலிச்சா எறக்கிடுவாங்க.

— நீ மனுஷனே இல்ல.

— புழுன்னு சொல்லிடாதீங்க அண்ணி. அது நமக்குத் திட்டு இல்ல.

— மலைக்காரங்க, பாலைவனத்துல உக்காந்து மண்ணைச் சலிக்கிற அந்தக் கெழவர், எல்லாரும் என்னை நம்பி அட்டையைத் தூக்கியாச்சு. இனிமே அவங்களும் அந்த ஆளு கண்ணுல எதிரிங்க. நான் தோத்தா எனக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குப் போய் ஜாடியைக் கழுவிக்கிட்டு இருப்பேன். அவங்க என்ன ஆவாங்க?

— அதை நீங்கதான் யோசிக்கணும். நாற்காலிக்கு நிக்கிறவங்க யோசிக்க வேண்டியது.

— யோசிக்கத்தான் விடமாட்டேங்கிறியே.

— அதோ, செருமுறார். கேக்குதா?

— கேக்குது. ...தம்பி.

— ம்.

— என்ன வார்த்தை சொல்லணும்னு சொன்ன?

— எது?

— மைக்கில. என்ன சொல்லணும்?

— ...அவசரப்பட்டு எழுதிட்டேன்.

— அவசரப்பட்டு எழுதிட்டேன். அப்புறம்?

— அந்தப் புழு தனி இனம்தான்.

— அந்தப் புழு தனி இனம்தான். பேர் நிக்கும். அவ்வளவுதான?

— அண்ணி, நெசமாச் சொல்லப் போறீங்களா?

— சொல்லப் போறேன். அத்தனை பேரும் கேக்க, நடவடிக்கைக் குறிப்புல ஏறும்படியாச் சொல்லப் போறேன். போதுமா? அம்மாகிட்டயும் சொல்லு, அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி சுவத்துல மாட்டச் சொல்லு.

— தப்புன்னு தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான். என் வாயால ஒரு பொய் வரணும்னுதான இத்தனை நேரம் மல்லுக்கு நின்ன? வருது. நீ ஜெயிச்சுட்ட. இத்தனை பேர் பொழைக்கிறதுக்கு நான் ஒருத்தி கெட்டுப்போனா குடி முழுகிடாது.

— அம்மா, மணி அடிச்சாச்சு. உங்க நாட்டைக் கூப்பிடுறாங்க.

— வரோம் ஐயா. எனக்கு மைக் வேணும்னு சொல்லிடுங்க. அட்டையைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு அறிவிப்பு இருக்கு.

— சொல்லிடறேன்மா. தம்பி, எழுந்திருங்க.

— எழுந்திரு. என்ன இன்னும் உக்காந்திருக்க? கேட்டதைக் குடுத்தாச்சு. கையைக் கொண்டா.

— பேச்சுல அண்ணன் பேர் வரலேங்கற கோவத்துலதான் கையை இழுத்தேன். நீங்க கடைசி வரைக்கும் முடியாதுன்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன் அண்ணி.

— என்ன ஒளர்ற? கூப்பிடுறாங்க, வா.

— போன மழைக்கு அந்தக் கரைக்குப் போனேன், சாதாரணப் புழுவாப் பொறுக்கி எடுத்து, நானே தலையை வெட்டி, தொட்டியில மண்ணைப் போட்டு வளத்தேன். ஒண்ணு விடாம அண்ணன் புழுவா மொளைச்சு வந்துச்சு. எங்க அண்ணி எழுதினதுதான் சரின்னு சபையில சொல்லிட்டு, உங்ககூடச் சேந்து அந்த அட்டையைத் தூக்கலாம்னுதான் நான் இவ்வளவு தூரம் கெளம்பி வந்தேன்.